இருபத்தாறு டிகிரி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் பயந்த சுபாவமாக இருந்தால் அதில் தப்பே இல்லை. ஸ்டியரிங் பிடிக்கிறவர் எந்த நிமிஷம் எதில் கொண்டுபோய் மோதுவாரோ என்று, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கிலேயே காலை வைத்திருக்கிற பிழைப்பு. ஆனால் நம் ஆள் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காலை எடுப்பதில்லை. கேஸை மூடினாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்டே மனைவியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இப்படிப்பட்டவர் வீட்டில்தானா அந்த உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வந்து சேரவேண்டும்?

தொட்டி மைத்துனருடையது. மனைவிக்கு ஒரே அண்ணன், கூடப் பிறந்தவர் வேறு யாரும் கிடையாது. அம்மா செத்த அன்று, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "நீ நேரத்துக்கு வந்திருந்தா அம்மா பிழைச்சிருப்பா" என்று அவள் வார்த்தையை விட்டுவிட்டாள். அன்றைக்குப் படியிறங்கிப் போனவர்தான். அதே ஊரில் இன்னொரு கோடியில் இருந்துகொண்டு, வருஷக்கணக்காகப் பேச்சில்லை. அவள் எத்தனையோ தடவை போன் போட்டுப் பார்த்தாள், எடுக்கவே இல்லை. அழுது அழுது ஓய்ந்து போனாள்.

அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று நம் ஆளின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். வீட்டில் தரையை உடைத்து மாற்றுகிறார்கள், தூசி மீனுக்கு ஆகாது, கொஞ்ச நாள் தொட்டியை வைத்துக்கொள்ள முடியுமா? அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தைக் கழுவித் துடைத்து, மேஜையை மூன்று இடத்துக்கு மாற்றிப்போட்டுப் பார்த்தாள். தொட்டி வந்தது, அண்ணன் வரவில்லை. ஆட்கள்தான் தூக்கிவந்தார்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு, ஒரு இறால், கொஞ்சம் பாறை, தண்ணீர் குளிர்ந்தால் தானே சூடேற்றுகிற ஒரு ஹீட்டர். தண்ணீர் இருபத்தாறு டிகிரியிலேயே நிற்கணும் சார், கடல்னா சட்டுனு சூடாகாது, இது இத்தனூண்டு தொட்டி, கொஞ்சம் ஏமாந்தாலும் எகிறிடும், மீன் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம் ஆள் அப்போதே ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டி முன்னால் போட்டுக்கொண்டார்.

அன்று முதல் தினமும் காலையில் அண்ணனிடமிருந்து போன் வரும். அதுவும் நம் ஆளுக்குத்தான்.

"எவ்வளவு, மாப்பிள்ளை?"

"இருபத்தாறு."

"சரி."

அவ்வளவுதான், போனை வைத்துவிடுவார். மனைவி காதை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள்.

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லையேம்மா."

"இருமினானா? அவனுக்கு மழைக்காலம் வந்தா இருமல் வரும்."

"ஒரு 'சரி'க்குள்ள எங்கேம்மா இருமுறது?"

அவள் முகம் சுருங்கிப்போகும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் நம் ஆளுக்குப் பயம் இன்னும் ஒரு சுற்று பெருக்கும். மீனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த ஒரு 'சரி'யும் போச்சு. அப்புறம் ஏழு ஜென்மத்துக்கும் அண்ணன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். அதனால் தொட்டியைக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தார். பாத்ரூம் போய்வந்தால்கூட முதலில் தொட்டியைத்தான் பார்ப்பார்.

வினை அந்தக் கவனத்தில்தான் வந்தது. ஒரு விடுமுறை நாள், விடியும்போதே மழை, கூடமே சில்லென்று கிடந்தது. தொட்டியின் விளிம்பிலும் வயர்களிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மைத்துனர் பொருளாயிற்றே, இப்படியா வைத்திருப்பது என்று ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு வயராக வெளியே எடுத்துத் துடைத்தார், திரும்பத் தொட்டியின் மேல் போட்டார். மனதுக்குத் திருப்தியாக இருந்தது. குளிக்கப் போனார்.

வந்து பார்த்தால், ஹீட்டரோடு சேர்ந்த சின்னப் பெட்டியில் இருபத்திரண்டு என்று எரிந்தது. ஐயோ! தண்ணீர் குளிர்ந்துவிட்டதே! ஓடிப்போய்க் கம்பளியை எடுத்துவந்து தொட்டியைச் சுற்றிலும் போர்த்தினார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் இருபத்திரண்டு. மேலே ஒரு துண்டையும் போட்டு மூடினார். பெட்டி மசியவில்லை. நல்ல வேளை, மனைவி வந்து கம்பளியை விலக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, மீன் ரெண்டும் ஏன் மேலேயே வந்து வாயை வாயைத் திறக்குது?"

விரலை விட்டார். கொஞ்சமும் சில்லென்று இல்லை, வெதுவெதுவென்று இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த இன்னொரு தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தார். முப்பது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டி இருபத்திரண்டு என்கிறது, தண்ணீர் முப்பது என்கிறது, எதை நம்புவது? ஃப்ரீசரிலிருந்து ஐஸ் டிரேயை எடுத்து வந்து தட்டப் போனார். அந்த நேரம் பார்த்தா போன் அடிக்கவேண்டும்? கையெல்லாம் உப்பும் ஈரமுமாக இருந்ததால் அவளை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"எவ்வளவு, மாப்பிள்ளை?"

அவள் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். நம் ஆள் இரண்டு விரலையும் அப்புறம் ஆறு விரலையும் காட்டி, சொல்லு, இருபத்தாறுன்னு சொல்லு என்று சைகையிலேயே கெஞ்சினார்.

"முப்பதுண்ணா" என்றாள்.

தங்கை குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுவார் என்றுதான் நம் ஆள் நினைத்தார்.

"ஹீட்டரை முதல்ல பிடுங்கு" என்றார் அண்ணன். "மூடியிருக்கிறதெல்லாம் எடு. ஒரு ஃபேனைத் தண்ணி மேல காத்துப் படுற மாதிரி வை. அந்த மனுஷன் ஐஸைக் கொட்டிடப் போறார், பிடிச்சு வை அவரை. ஒரேயடியா குளிர்ந்தாலும் செத்துடும், மெல்ல மெல்லத்தான் இறங்கணும்."

நம் ஆள் ஐஸ் டிரேயை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"சென்சார் எங்கே கிடக்குது பாரு. கறுப்பு வயரு, நுனியில சின்னக் குமிழ்."

அது தொட்டிக்கு வெளியே, சில்லென்ற காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. துடைத்த மகாராஜா தண்ணீருக்குள் போடாமல் வெளியே தொங்கவிட்டிருந்தார். தண்ணீரைத் தொட்டுப் பார்க்கவேண்டியது காற்றைத் தொட்டுப் பார்த்து, குளிருது குளிருது என்று ஹீட்டரை விடாமல் எரியவிட்டிருக்கிறது. இவர் கம்பளியும் போர்த்தினாரா, கேட்கவேண்டுமா!

அவள் நடந்ததைச் சொன்னாள். கம்பளி என்றதும் அண்ணன் குபீரென்று சிரித்துவிட்டார். அவள் போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை போன் வந்தது, அவளுடைய போனுக்கே வந்தது. இருபத்தொன்பதரை. ஃபேன் காற்றில் தண்ணீர் குறையும், நல்ல தண்ணியைத்தான் ஊற்றணும், உப்பு ஆவியாகாது என்றார். இருபத்தொன்பது. நீ சாப்பிட்டியா என்றார். இருபத்தெட்டு. முழங்கால் வலி என்றார், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஒரு தடவை இருமினார், அவள் திட்டினாள். வர்றேன் என்று மட்டும் சொல்லவே இல்லை. வாண்ணா என்று கூப்பிட அவளுக்கும் வாய் வரவில்லை. கூப்பிட்டு அவர் மறுபடி வாயை மூடிக்கொண்டால்? ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கினாள்.

சாயங்காலம் மீன் இரண்டும் அடியில் இறங்கிப் பாறையைச் சுற்ற ஆரம்பித்தன. நம் ஆள் தெர்மாமீட்டரில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். இருபத்தாறு! போன உயிர் திரும்பி வந்தது. அதே நேரம் போனும் வந்தது. அவர் விரலை விரித்துக் காட்டிக்கொண்டு கூடத்தில் குதிக்காத குறை.

அவள் பார்த்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இல்லண்ணா. இருபத்தெட்டுலயே நிக்குது. இறங்கவே மாட்டேங்குது."

"அப்படி நிக்கக் கூடாதே... மீன் எப்படி இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் புரியலண்ணா. பயமா இருக்கு." அதைச் சொல்லும்போது குரல் நிஜமாகவே உடைந்தது.

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

"சரி, அழாதே. எதையும் தொட வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லு. நான் கிளம்பி வர்றேன்."

போனை வைத்தாள். நம் ஆளுக்கு அடுத்த பதற்றம் பிடித்துக்கொண்டது.

"என்னம்மா இது? இருபத்தாறுன்னு கையைக் கையைக் காட்டினேனே! வந்து பாத்தா பொய்னு தெரிஞ்சிடுமே!"

"தெரியட்டுங்க" என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வந்துதானே தெரியணும்."