லம்ஜெத்தின் கையெழுத்து

தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள பார்லருக்கு வந்திருந்த செவிலி, கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மொங்கியாவிடம் நீட்டி, படித்ததும் கிழித்துப் போட்டுவிடச் சொன்னாள். பத்து நாளாகக் காஸரீன் ஊர் முழுக்க இது கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு வெளிநாட்டுத் தூதர் தன் அரசாங்கத்துக்கு ரகசியமாக எழுதி, யாரோ கசியவிட்ட கடிதம். அதிபரின் குடும்பம் நாட்டைச் சுரண்டுவதைப் பற்றியது. அதை யாரோ பேச்சுவழக்கு அரபியில் எழுதிப் பரப்பியிருந்தார்கள்.

"இதுல நமக்குத் தெரியாதது ஒண்ணுமில்லக்கா. ஆனா வெளிநாட்டுக்காரன் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் நாம மட்டும் எதுக்கு வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும்?" என்றாள் செவிலி. மத்தியானம் ஆர்ப்பாட்டத்துக்காகச் சதுக்கத்துக்குப் போகப் போகிறாளாம்.

மொங்கியாவுக்குக் கடிதத்தில் மனம் செல்லவில்லை, கையெழுத்திலேயே நின்றுவிட்டது. கடைசி எழுத்தின் வாலைப் பின்னால் சுழற்றிவிடும் அந்தப் பழக்கம் இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. பிரெஞ்சு வாத்தியார் லம்ஜெத். அவள் கணவர்.

பதினோரு வருஷத்துக்கு முன் அவள் தம்பி திஜானி இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதிபரைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னான். அந்த வாரமே பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று வருஷம் உள்ளே இருந்தான். அன்று மேசையில் இருந்தது மூன்று பேர். இவள் சொல்லவில்லை. அப்படியென்றால்? கேட்கப் பயந்தாள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எப்படி வாழ்வது? அவருக்குச் சமைத்தாள், காய்ச்சலில் பக்கத்தில் விழித்திருந்தாள், நேசிக்கவும் செய்தாள். அந்த முள் மட்டும் உள்ளேயே கிடந்தது. காட்டிக்கொடுக்கிறவன் கையெழுத்தா இது?

செவிலி போனதும் பார்லரைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு நோட்டைப் பிரித்துக் கடிதத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். நாலாவது பிரதி எழுதும்போது லம்ஜெத் வந்தார். மேசையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"உங்க கையெழுத்து இந்த ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும். போலீஸ்காரங்களே உங்ககிட்ட படிச்சவங்கதானே. என் கையெழுத்தை யாரு பாத்திருக்கா?" என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"திஜானி விஷயத்துல... நான் இல்ல, மொங்கியா."

"தெரியும். இன்னிக்குத்தான் தெரியும்."

"நீ பார்லர்ல வாய் தவறிச் சொல்லிட்டியோன்னு நான் நெனச்சுட்டேன். அதான் கேக்கவே இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். பதினோரு வருஷம் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்கள், இரண்டு பேரும் செய்யாத தப்புக்கு. அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். சீக்கிரம் முடியும்."

லம்ஜெத் சொல்ல ஆரம்பித்தார், உதடு மட்டும் அசைந்தது. சாப்பாட்டு மேசையை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஆளுங்கட்சிக்காரர். அவருடைய ரேடியோ எந்நேரமும் சன்னமாகப் பாடிக்கொண்டிருக்கும்.

"எனக்குக் கேக்கல," என்றாள் மொங்கியா.

மூன்றாவது வரியில் அதிபரின் பெயர் வந்தது. இந்த வீட்டில் அதை யாரும் உச்சரித்ததில்லை, எப்போதும் 'அவங்க'தான். லம்ஜெத் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற வாத்தியார் குரலில், நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரையும் சொன்னார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ நின்றது.

மொங்கியா தலை நிமிராமல் அந்தப் பெயரை எழுதி முடித்து, அடுத்த வரிக்குக் காத்திருந்தாள்.