பத்து நிமிடத்துக்குக் குறைந்தது

"தெனம் தெனம் இன்னாத்தடி எழுதிக்கினே கீற? லவ் லெட்டரா?"

மார்கரெட் ஒருநாள் அப்படிக் கேட்டபோது சங்கரி நோட்டைச் சட்டென்று இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஒண்ணுமில்லக்கா." மார்கரெட் சிரித்துவிட்டு, விரல்களை வாயருகில் வைத்து ஊதிக்கொண்டே மைதானத்துக்குள் ஓடினாள்.

கல்பாக்கத்தில் பெண்கள் கூடைப்பந்து கிளப் ஒன்றில் சங்கரிக்கு ஸ்கோர் பலகையில் எண் மாட்டுகிற வேலை. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். பாடம் வரவில்லை என்றில்லை. எழுந்து நின்று பதில் சொல்லக் குரல்தான் வரவில்லை. இந்த வேலைக்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை.

நோட்டில் இருந்ததெல்லாம் ஐந்தைந்து பெயர்கள். இந்த ஐந்து பேர் உள்ளே இருந்தவரை நம் அணி எத்தனை போட்டது, எதிரணி எத்தனை போட்டது, எத்தனை நிமிடம். ஒருத்தி வெளியே வந்து இன்னொருத்தி போனால் ஒரு கோடு. கீழே அடுத்த ஐந்து பெயர். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சில பேர் சேர்ந்து நின்றால் நம் பக்கத்து எண்ணை ஓயாமல் மாற்ற வேண்டியிருக்கிறது, வேறு சிலர் நின்றால் எதிரணி எண்ணை மாற்றித்தான் கை வலிக்கிறது என்று அவள் கைக்கே முதலில் தெரிந்தது. ஒருமுறை இரண்டே நிமிடத்தில் எட்டுப் புள்ளி குவித்த ஐவர் மறுநாள் முழுக்கச் சொதப்பினார்கள். அன்றைக்கு அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்தாள்: 'பத்து நிமிடத்துக்குக் குறைந்ததைச் சேர்க்கக் கூடாது.'

இரண்டு வருடம், மூன்று நோட்டு. தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் திடீர் மழைக்கு ஓடியபோது மூன்றையும் பலகைக்கடியில் மறந்துவிட்டாள். கோச் வாசுதேவன் எடுத்துப் பார்த்துவிட்டார்.

"இத்தனை நாளா இதையா பண்ணிட்டிருந்தே? எனக்கே தோணலியேம்மா!" என்றார். அவளை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. காது மடல் சுட்டது.

திருச்சிப் போட்டிக்குப் பத்துப் பேர்தான் போகலாம். கிளப்பில் பதினோரு பேர். விளையாட்டு கோட்டாவில் வேலைக்கு எடுக்கிறவர்கள் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். மார்கரெட்டுக்கு இருபத்துநாலு வயது. இருபத்தைந்து ஆகிவிட்டால் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு இதுதான் கடைசி.

"ஒருத்தியப் பாத்து நீ வேண்டாம்னு சொல்றது எவ்ளோ பேஜாரு தெரியுமா? மூணு நாளா தள்ளிப் போட்டுட்டிருக்கேன்," என்றார் கோச், கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டே. "உன் நோட்டே சொல்லிடட்டும். ஒவ்வொருத்திக்கும் கூட்டிக் கொடு."

ஒவ்வொருத்தியும் உள்ளே இருந்தபோது நம் அணி போட்டதில் எதிரணி போட்டதைக் கழித்து, இரண்டு நாள் கூட்டினாள். ஹரிப்ரியா கூட்டல் நூற்றுப்பன்னிரண்டு. மற்றவர்கள் ஏறியும் இறங்கியும் வந்தார்கள். மார்கரெட் கழித்தல் நாற்பத்தொன்று; எல்லாரிலும் கீழே. மறுபடி கூட்டினாள். அதேதான்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். மார்கரெட் இறால் கம்பெனியில் தோலுரிக்கிறவள். ஐந்து மணிக்கு ஷிஃப்ட் விட்டு, பஸ் பிடித்து, மைதானம் வந்து சேரும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும். ஹரிப்ரியாவும் நல்ல ஆட்டக்காரிகளும் ஓய்வெடுக்க உட்காரும் நேரம் அது. மிச்சமிருக்கிற கற்றுக்குட்டிகள் நாலு பேரோடுதான் அவளை இறக்குவார்கள். ஐஸில் கிடந்த விரல்கள் சூடேறும்வரை பந்து கையில் நிற்காது. நோட்டில் இதற்கெல்லாம் இடமில்லை.

ஒரே ஒருநாள் கம்பெனிக்கு ஐஸ் வரவில்லை என்று லீவு விட்டார்கள். அன்று மட்டும் மார்கரெட் தொடக்கத்திலேயே ஹரிப்ரியாவோடு இறங்கினாள். நாம் இருபத்தொன்று, அவர்கள் எட்டு. அத்தனை நோட்டிலும் அதைவிட நல்ல வரி கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் கோச் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் உட்காரச் சொன்னார். மார்கரெட் அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு முதல் ஆளாக வந்திருந்தாள்.

"வாசமா வந்திருக்கியே அக்கா, இறாலுக்கு இன்னிக்கு லீவா?" என்றாள் ஹரிப்ரியா.

"ஒனக்கு இன்னா, ஆபீசர் பொண்ணு. இறாலு வறுத்துக் குடுத்தா மட்டும் தட்ட நக்குற!"

எல்லாரும் சிரித்தார்கள். கோச் பத்துப் பெயரைப் படித்தார். சிரிப்பு நின்றது.

"இது என் இஷ்டம் இல்லம்மா மார்கரெட். சங்கரி ரெண்டு வருஷமா எழுதின கணக்கு. நீ உள்ள இருக்கறப்ப நமக்கு நாப்பத்தோரு பாயிண்ட் நஷ்டம்." பலகைப் பக்கம் திரும்பினார். "கூட்டல் சரிதானே சங்கரி?"

எல்லாத் தலையும் திரும்பியது. கூட்டல் சரிதான். சங்கரி எழுந்தாள். ஐஸ் வராத நாளின் பக்கத்தை விரித்து அவரிடம் நீட்டினாள். "சார்... இதப் பாருங்க சார். நல்ல ஆளுங்ககூட எறங்கினா அக்கா..." அதற்குமேல் குரல் போய்விட்டது.

அவர் பொறுமையாகவே படித்தார். நிமிடம் எழுதிய இடத்தில் விரலை வைத்தார். ஒன்பது. பிறகு அட்டையைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார்.

"நீ எழுதினதுதானேம்மா? பத்துக்குக் கொறஞ்சா சேக்கக் கூடாதுன்னு? சரியாத்தான் எழுதியிருக்கே. ஒருநாள் ஆட்டத்த வெச்சு நான் என்னன்னு சொல்றது?"

அவர் குரலில் கோபமில்லை, களைப்புதான். சங்கரிக்குப் பதில் இருந்தது. அந்தப் பத்தாவது நிமிடம் யாருமே அக்காவுக்குக் கொடுக்கவில்லையே என்பதுதான் பதில். அது தொண்டை வரை வந்து, பள்ளிக்கூடத்தில் நின்ற அதே இடத்தில் நின்றுவிட்டது.

மார்கரெட் நோட்டைப் பார்த்தாள். பிறகு சங்கரியைப் பார்த்தாள். கிளப் கொடுத்த ஷூவைக் கழற்றி, லேஸை உள்ளே சுருட்டி வைத்து, பெஞ்சுக்கடியில் ஜோடியாகத் தள்ளினாள். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சங்கரியைக் கடந்து, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனாள்.