ஹெஸ்டரைத் தூக்க நாலு பேர்

சவப்பெட்டி செய்யும் கிளெமென்ட் பெட்டி மூடியின் ஆறாவது திருகாணியை முறுக்கி முடித்தார். திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பிறகும் நிமிரவில்லை.

"ஆள் கிடைக்கல வாத்தியாரே," என்றார், மூடியைப் பார்த்தபடி.

எட்வின் ஜன்னலருகே நின்று கோட்டுக் கையில் கறுப்புப் பட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். ஊசி விரலில் ஏறியது. அதைப் பார்த்தான். வலிக்கவில்லை.

"யார் வரல?"

"எப்பவும் தூக்குற நாலு பேரும்."

மணி ஒன்பதே கால். பதினோரு மணிக்குத் தேவாலயத்தில் இருக்க வேண்டும். உறைபனியில் கால் மைல் ஏற்றம்.

"வண்டி இல்லையா?"

"இருக்கு. குதிரையைத்தான் ராணுவம் கூட்டிட்டுப் போய் மூணு வருஷமாச்சு. நீங்களும் நானும் இழுத்தாத்தான் உண்டு."

காரணத்தை இருவருமே சொல்லவில்லை. ஊருக்கு மேற்கே விமானத்தளம். பொழுது சாய்ந்தால் இருபது விமானங்கள் ஜெர்மனிக்குக் கிளம்பும். தளத்துக்குத் தேநீர் வண்டி ஓட்டியவள் எட்வினின் மனைவி ஹெஸ்டர். போன அக்டோபரில் அவள் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு எழுதினாள். தொழிற்சாலைகளைத் தாக்குங்கள், ரயில் பாதைகளைத் தாக்குங்கள், மக்கள் தூங்கும் தெருக்களின் மேல் குண்டு போடுவதை நிறுத்துங்கள் என்று. அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். கையெழுத்துக்கு இருபது கோடுகள் போட்டிருந்தாள். மூன்று நிரம்பின.

எட்வினுடையது அதில் இல்லை. பள்ளி நிர்வாகத்தில் கேள்வி வருமே என்று அவன் யோசித்தான். அவன் யோசிப்பதைப் பார்த்துவிட்டு அவள் மேசையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு கேட்கவே இல்லை.

கறிக்கடை வரிசையில் ஒருத்தி, "உன்னைப் பெத்தவளையே கொன்னானுங்களேடி, உனக்குச் சொரணையே இல்லையா?" என்று கேட்டாள். கோவென்ட்ரியில் ஜெர்மன் குண்டு விழுந்தபோது இடிபாட்டிலிருந்து அம்மாவைக் கையால் தோண்டி எடுத்தவள் ஹெஸ்டர்.

"எங்க அம்மா தொழிற்சாலை இல்லீங்க. தூங்கிட்டிருந்தா. அங்கேயும் யாரோட அம்மாவோ தூங்குறா," என்று சொல்லிவிட்டு ரேஷன் அட்டையை நீட்டினாள். அன்று கறி கிடைக்கவில்லை, எலும்புதான். வீட்டுக்கு வந்து சூப் வைத்தாள். நல்ல எலும்பு என்றாள்.

பின்கதவு தட்டப்பட்டது. ஜெத்ரோ நின்றிருந்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர், தூக்கும் நால்வரில் ஒருவர். அவருடைய மகன் வில்ஃப் ஜனவரியில் பெர்லினுக்குப் பறந்தான். விமானம் திரும்பவில்லை.

"குழி தயார்," என்றார் வாசலிலேயே நின்று. "தரை இரும்பா கிடக்கு. ரெண்டு நாள் கடப்பாரை போட்டேன்."

"ரொம்ப நன்றி."

"நன்றி எதுக்கு? குழி வெட்டுறது என் வேலை. தூக்குறது வேலை இல்ல, மனசு. என் பையனைக் கொலைகாரன்னு சொன்னவளை எப்படித் தோள்ல வைக்கிறது?"

"அப்படி அவ சொல்லவே இல்ல."

"குண்டு போடுறது பாவம்னா போட்டவன் யாரு? படிச்சவர்தானே, சொல்லுங்க."

ஹெஸ்டர் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

"அவனுக்கு ஒரு குழிகூட இல்ல," என்றார் ஜெத்ரோ. பூட்ஸிலிருந்த மண்ணைப் படியில் தட்டினார். "தந்தி வந்த அன்னிக்கு உங்க வீட்டம்மாதான் வந்து அடுப்பு மூட்டினாங்க. மறக்கல. அதனாலதான் வந்து நிக்கிறேன். ஒண்ணு செய்யுங்க. காய்ச்சல்ல புத்தி தடுமாறி எழுதின காகிதம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாலு பேரும் வர்றோம். முதல் ஆளா நான் வர்றேன்."

கிளெமென்ட் நிமிர்ந்து எட்வினைப் பார்த்தார்.

"அவ எழுதினது அக்டோபர்ல," என்றான் எட்வின். "காய்ச்சல் வந்தது போன செவ்வாய்க்கிழமை."

"தேதியை யாரு கேக்கப்போறா?"

"புத்தி தெளிவாத்தான் எழுதினா."

"நேரம் இருக்கு. யோசிங்க."

"அக்டோபர்லயே யோசிச்சிருக்கணும்."

ஜெத்ரோ தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. குளிர் உள்ளே வந்தது.

"ஒரு வார்த்தைதானே வாத்தியாரே," என்றார் கிளெமென்ட். "அவங்க காதுலயா விழப்போகுது?"

"என் காதுல விழும்."

பத்து மணிக்கு வேலியோரம் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. விமானப்படைச் சீருடையில் இரண்டு பேர். உயரமானவன் கூச்சத்தோடு முன்னால் வந்தான்.

"நான் டெஸ்மண்ட், சார். தூக்க ஆள் இல்லைன்னு கேள்விப்பட்டோம். எங்க விமானத்து ஆளுங்க ஏழு பேரும் கிளம்பினோம், ரெண்டு சைக்கிள்தான் கிடைச்சது."

"உங்க அதிகாரி அனுமதிச்சாரா?"

"கேக்கல சார். கேட்டா வேணாம்னு சொல்லியாகணும். அவருக்கு எதுக்கு அந்தச் சங்கடம்?"

கூட வந்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அந்த மனு பத்தித் தெரியுமா உங்களுக்கு?"

"என்கிட்டதான் அக்கா முதல்ல காட்டினாங்க. பொத்தானை அழுத்தி குண்டை விடுறவன் நான்தான் சார். தினமும் சண்டைதான். போர் சீக்கிரம் முடிய வேற என்ன வழின்னு கேட்டேன். 'வழி எனக்குத் தெரியாது, இது வழி இல்லைன்னு தெரியும்'னாங்க. சொல்லிட்டு அவங்க பங்குச் சர்க்கரையை என் டீயில போட்டாங்க. 'திரும்பி வா, மீதிச் சண்டையை நாளைக்குப் போடலாம்'னாங்க."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

டெஸ்மண்ட் பெட்டியைப் பார்த்தான். "இல்ல சார். இன்னிக்கு ராத்திரியும் போறோம்," என்றான்.

எட்வின் தலையசைத்தான். அவன் முன்னால் வலது பக்கம் நின்றான். இடது பக்கம் கிளெமென்ட். பின்னால் அவர்கள் இருவரும்.

எட்வினுக்கு ஒரு கால் குட்டை. அதனால்தான் அவனைப் படையில் எடுக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நூறு கெஜம் போனதும் ஆட்டம் நின்றது. திரும்பிப் பார்த்தான். டெஸ்மண்ட் முழங்காலை மடக்கி, அவனுடைய நொண்டலுக்கு ஏற்றபடி இறங்கி ஏறி வந்துகொண்டிருந்தான். முகம் வியர்த்திருந்தது.

மதுக்கடை வாசலில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். மேற்கே எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கும் சத்தம் எழுந்தது.

தேவாலயத்தில் பதினொரு பேர். பாதிரியார் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

குழியின் விளிம்புக்கு வந்ததும் எட்வின் கீழே பார்த்தான். மண் தெரியவில்லை. நான்கு சுவர்களிலும் ஊசியிலைக் கிளைகள் நெருக்கமாகச் செருகப்பட்டிருந்தன. அடியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பனியில் பூக்கும் சின்ன வெள்ளைப் பூக்கள் தூவப்பட்டிருந்தன.

"நீங்களா செஞ்சீங்க?" என்று கிளெமென்டிடம் மெதுவாகக் கேட்டான்.

"நான் இல்ல. இந்த ஊர்ல குழி அலங்காரம் பெத்தவங்க, கட்டினவங்க செய்யுறது. நீங்க வெளியூரு. சொல்லணும்னு நினைச்சு விட்டுட்டேன்."

கயிற்றை விட்டார்கள். பெட்டி கிளைகளில் உரசியபடி இறங்கியது.

தோட்டத்தின் கோடியில், மதிலோரமாக ஜெத்ரோ நின்றிருந்தார். மண் தள்ள, எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தார். மண்வாரி மதிலில் சாய்ந்திருந்தது. முகம் அந்தப் பக்கம், வயல்களைப் பார்த்தபடி. தொப்பி கையில் இருந்தது. கோட்டின் தோளிலும் கைகளிலும் பச்சை ஊசியிலைகள் ஒட்டியிருந்தன. அவர் அவற்றைத் தட்டிவிடவில்லை.