ஸ்பூன் இல்லாத தட்டு

எனக்கு முன்கோபம் அதிகம். கோட்டூர்புரத்தில், வளர்ச்சி தாமதமான பிள்ளைகளுக்குச் சாப்பிடவும் உடுத்தவும் எழுதவும் பயிற்சி தரும் ஒரு சின்ன மையத்தில் தெரபிஸ்டாக இருந்த எனக்கு அது ஆகவே ஆகாத குணம். பிள்ளைகளிடம் காட்டமாட்டேன். அம்மாக்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். தொண்ணூற்றாறில் மாட்டியவள் அன்புக்கரசி.

ஆற்றோரக் குடிசைகளிலிருந்து ஐந்து வயது மகள் பொற்கொடியை இடுப்பில் சுமந்துகொண்டு நடந்தே வருவாள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவள், ஒரு நாளும் தாமதமானதில்லை. பொற்கொடிக்கு நடை இன்னும் தள்ளாட்டம். பேச்சு இரண்டு மூன்று சொற்கள். எங்கள் மையத்தில் ஒரு விதி உண்டு. மூன்று மாதத்துக்குள் பிள்ளை ஏதாவது ஒரு வேலையைத் தானாகச் செய்துகாட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பொற்கொடிக்கு நான் குறித்திருந்த வேலை, ஸ்பூனால் சாப்பிடுவது. வெளிநாட்டிலிருந்து வந்த மதிப்பீட்டுத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது.

ஸ்பூனைக் கண்டாலே பொற்கொடி வாயை இறுக மூடிக்கொள்வாள். கையில் கொடுத்தால் எறிவாள். பிடிக்க வசதியாகக் காம்பில் துணி சுற்றிக் கொடுத்தேன். அதுவும் சுவரில் போய் விழுந்தது.

"ஊட்டி ஊட்டி நீதான் கெடுக்கற. ஸ்பூன்ல சாப்பிட்டா சாப்பாடு, இல்லேன்னா இல்லை. முதல்ல உன் கையை எடு!" என்று அன்புக்கரசியை விரட்டினேன்.

மூன்று வாரம் கழித்து எடை பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது? குழந்தைக்குச் சோறு போடறியா இல்லையா?"

"நீங்க தான டீச்சர் சொன்னீங்கோ, ஸ்பூன்ல துன்னாதான் சோறுன்னு. நானும் மனச கல்லாக்கிக்கினு குந்திகினு கீறேன். அது பாலத் தவிர இன்னாத்தையும் தொட மாட்டேங்குது." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அதுக்கு ஸ்பூன்னா மருந்து டீச்சர். ஒம்போது மாசத்துலேர்ந்து வலிப்பு மருந்து. மூக்கப் புடிச்சி, ஸ்பூன வாய்ல சொருவித்தான் ஊத்துவோம். எங்கூட்ல ஸ்பூனு வேற எதுக்கும் கெடையாது."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலியே. படிச்சவங்கோ சொன்னா எதுனா காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உங்கள் வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லாமல், ஒரு குழந்தையைப் பட்டினி போட்டிருக்கிறேன். "தப்பு என்னோடதும்மா" என்றேன். "ஐய, இன்னா டீச்சர் நீங்க!" என்று அவள்தான் பதறினாள்.

கெடுவுக்கு மீதி பதினைந்தே நாள். பொற்கொடிக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டேன். அன்புக்கரசி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கருவாட்டுக் கொழம்பு" என்றாள்.

மறுநாள் சோற்றில் ஊற்றி, முள் எடுத்து, தூக்கில் கொண்டுவந்தாள். மயிலாப்பூரில் முட்டைகூட நுழையாத வீட்டில் வளர்ந்தவள் நான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பொற்கொடியின் பின்னால் உட்கார்ந்தேன். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்து, அவள் கைமேல் என் கையை வைத்துப் பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோனோம். லபக்கென்று வாங்கிக்கொண்டாள்! நாலு நாள் கழித்து மணிக்கட்டை மட்டும் பிடித்தேன், பிறகு முழங்கையை மட்டும். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வீட்டில் என் அம்மா மூக்கைச் சுளித்தாள். அதற்காகக் கையை வெட்டியா எறிய முடியும்?

கெடு முடிகிற வெள்ளிக்கிழமை, மையத்தை நடத்திய டாக்டர் வேதாந்தம் மதிப்பீட்டுத் தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"ஸ்பூன் எங்கே, விஜயலக்ஷ்மி?"

"சார், உங்காத்துல ரசஞ்சாதத்தை ஸ்பூன்லயா சாப்பிடறேள்?"

கண்ணாடிக்கு மேலாக முறைத்தார். பிறகு, "சரி, பாக்கலாம்" என்றார்.

இந்தத் தடவை நான் தள்ளி உட்கார்ந்தேன். பொற்கொடி எடுத்த முதல் பிடி மடியில் சிந்தியது. இரண்டாவது கன்னத்தில் அப்பியது. வேதாந்தம் பேனாவைத் திறந்தார். அன்புக்கரசிக்குப் பொறுக்கவில்லை. ஐந்து வருஷம் ஊட்டிப் பழகிய கை, நான் தடுப்பதற்குள் ஒரு கவளத்தை உருட்டி மகளின் வாயருகே கொண்டுபோய்விட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

பொற்கொடி அந்தக் கையைத் தள்ளினாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தள்ளினாள். தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி, கோணல்மாணலாகத் தூக்கி, தன் வாயில் தானே போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கிவிட்டு அடுத்த பிடியை அள்ளினாள்.

வேதாந்தம் தாளில் 'ஸ்பூன்' என்பதை அடித்துவிட்டு, 'கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்புக்கரசி அதைப் பார்க்கவே இல்லை. கவளம் பிடித்த கையை அப்படியே என்னிடம் நீட்டிக் காட்டினாள். கண்ணீர் கொட்டியது.

"பாருங்க டீச்சர், எங்கைய வேணான்னு தள்ளிட்டா!" என்று சொல்லி, அந்தச் சோற்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.