மனைவிக்கு ஒரு மதிப்பீட்டுப் படிவம்

கட்டிய மனைவிக்கே மார்க் போடும் தைரியம் லிஃப்ட் மெக்கானிக்குக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். தைரியமாவது மண்ணாவது, மனுஷனுக்கு வேறு வழியில்லை.

வாரத்தில் ஆறு நாள் அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் சீருடை மாட்டிக்கொண்டு ரிசர்வ் படையில் கார்ப்பரல். பன்னிரண்டு வருடமாக அதே கார்ப்பரல். மனைவியின் தம்பி, இவர் கல்யாணத்தன்று மூக்கொழுகிக்கொண்டு திரிந்த பயல், அதே படையில் இவருக்கு மேலே சார்ஜன்ட் ஆகிவிட்டான். வீட்டுக்கு வந்தால் "அத்தான், அத்தான்" என்று குழைவான். மைதானத்தில் நின்றால் "கார்ப்பரல், வயித்த உள்ள இழுங்க!" என்பான். இவரும் இழுத்தாக வேண்டும்.

அந்த எரிச்சலில்தான் சார்ஜன்ட் ஆவதற்கான ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தார். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்று முறைதான் அனுமதி. இதுவும் போனால், ஆயுசுக்கும் மச்சினன் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பயிற்சியில் கடைசியாகச் செய்ய வேண்டியது இது: 'உங்களுக்குக் கீழே பணிபுரியும் ஒருவரை மதிப்பிட்டு, நேரில் உட்கார வைத்துப் பேசி, அவருடைய கையெழுத்துடன் ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்பவும்.'

கீழே யார் இருக்கிறார்கள்? லிஃப்ட் குழிக்குள் இவர் தனி ஆள். படையில் கூடாரங்கள் வைக்கும் கிடங்கு இவர் பொறுப்பு. அங்கே இவருக்குக் கீழே இருப்பவை கரப்பான்பூச்சிகள். கையெழுத்துப் போடத் தெரிந்த ஜீவன் ஒன்று வேண்டுமே என்று யோசித்து யோசித்து, மனைவியின் பெயரை எழுதிவிட்டார். புத்தி போன போக்கைப் பாருங்கள்!

எழுதியதோடு விட்டாரா? பதவி: கண் ஆஸ்பத்திரி, தரைத்தளம், டோக்கன் கவுண்டர். தோற்றம்: திருப்தி. நேரம் தவறாமை: வெளியே கிளம்பும்போது படுமோசம். உத்தரவுக்குக் கீழ்ப்படிதல்: முன்னேற்றம் தேவை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய்ப் பேனாவை நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து போடும்மா. சும்மா ஒரு பேப்பர்தான்."

அவள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"நான் உங்களுக்குக் கீழயா வேலை பாக்கறேன்?"

"அது... படிவத்துல அப்படித்தான் கேக்கறாங்க."

"கீழ்ப்படிதல், முன்னேற்றம் தேவையா!"

படிவம் சுக்குநூறாகப் போகிறது என்றே நினைத்தார். ஆனால் அவள் மடித்த துணியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"போடறேன். ஆனா முறைப்படி நடக்கணும். மூணு மாசமா நான் சமைக்கும்போதெல்லாம் பக்கத்துல நின்னு கத்திக் கத்திப் படிச்சீங்களே, எனக்கே பாதி மனப்பாடம். அஞ்சாவது பாடம் என்ன?"

மனப்பாடமாக ஒப்பித்தார். "கீழ்ப்பணியாளர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது."

"உக்காருங்க."

கட்டிலில் அவர் போட்டுவிட்டுப் போகும் ஈரத்துண்டில் ஆரம்பித்தாள். கிரீஸ் கையோடு திறக்கப்படும் கதவுகள், தண்ணீர் காலியானதும் காலி பாட்டிலையே ஃபிரிட்ஜில் வைக்கும் வழக்கம், அவருடைய குறட்டை, ஊரிலிருந்து வந்து தங்கும் அவருடைய தம்பியின் குறட்டை. ஒரு மணி நேரம் மழை கொட்டித் தீர்த்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது அவரிடம். நாக்கின் நுனிவரை வந்ததை எல்லாம் அஞ்சாவது பாடம் உள்ளே தள்ளியது.

பிறகு அவள் குரல் இறங்கியது.

"பதவின்னு ஒண்ணு எழுதியிருக்கீங்களே. அந்தக் கவுண்டர்ல இருந்து என்னை எடுத்து எட்டு மாசம் ஆச்சு."

அவர் படிவத்தில் 'டோக்கன் கவுண்டர்' என்ற வரியை எட்டிப் பார்த்தார்.

"மேல மாடியில போட்டிருக்காங்க. பழைய ஃபைல் ரூம். ஜன்னல் கிடையாது, பேச ஆள் கிடையாது. முதல் வாரம் பாத்ரூமுக்குப் போய்ப் போய் அழுதேன். வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு வாயெடுத்தா, நீங்க எந்த மாடியில லிஃப்ட் நின்னுச்சுன்னு ஆரம்பிச்சிடுவீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வருடக் கார்ப்பரல், எட்டு மாதமாக மனைவி எங்கே உட்காருகிறாள் என்று தெரியாதவர். ஐந்தே முக்காலுக்கு வைத்திருந்த அலாரம் சட்டைப்பையில் அதிர்ந்தது. பார்க்காமலே அமுக்கினார். சார்ஜன்டாவது, கிர்ஜன்டாவது. போனால் போகட்டும். அவள் சொல்லட்டும்.

சொன்னாள். அந்த அறையின் வாடை, மாடிப்படிகள், தனியாகச் சாப்பிடும் மத்தியானம், எல்லாவற்றையும் சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐயய்யோ, ஆறு பத்து! சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"நீ பேசிட்டு இருந்தியே."

அவர் பேனாவை எடுத்து 'டோக்கன் கவுண்டர்' என்பதை அடித்தார். "அந்த ரூமுக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டு, படிவத்தின் அடியில் இருந்த பயிற்சி ஆசிரியரின் நம்பருக்குத் தானே போன் போட்டாள். அவர் தடுப்பதற்குள் ஸ்பீக்கரில் ஓர் உறுமல் கேட்டது.

"ஆறு மணின்னா ஆறு மணிதான்! நீங்க யாரு?"

"அவரோட கீழ்ப்பணியாளர், சார். அவரோட மிஸஸும் நான்தான்."

உறுமல் கொஞ்சம் தடுமாறியது. "ஏன் லேட்டு?"

"நான் பேசிட்டிருந்தேன், அவர் கேட்டுட்டிருந்தார்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம், பத்து நிமிஷம்."

"நடுவுல அவர் எதுவும் சொல்லல?"

"ஒரு வார்த்தை பேசல."

"கடிகாரம்?"

"பாத்திருந்தா உங்களுக்கு ஏன் சார் போன் பண்றோம்?"

அந்தப் பக்கம் பின்னால் ஒரு பெண்குரல், "யாருங்க போன்ல? நான் அப்பவே உங்ககிட்ட..." என்று ஆரம்பிக்க, "இரு, நான் பேசிட்டிருக்கேன்ல!" என்று ஆசிரியர் சீறியது நன்றாகவே கேட்டது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அனுப்புங்கம்மா, பாஸ் போட்டுடறேன். பதினோரு வருஷமா அந்த அஞ்சாவது பாடத்த நடத்தறேன். நானே இன்னும் பாஸாகல."