மீதிச் சட்டைகள்

நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் நாக்கு அழுகட்டும், கண் இரண்டும் அவியட்டும். சூளை நெருப்பின் மேல் சத்தியம். இனி நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

விடிவதற்கு முன்பே நாங்கள் களிமண் குழிக்குள் இறங்கிவிடுவோம். முழங்கால் வரை சேறு; அந்நேரத்துக் குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மிதித்துப் பதம் வந்ததும் பெண்கள் உருட்டித் தருவார்கள், நாங்கள் அச்சில் அடித்துக் கவிழ்த்துச் செங்கல் அறுப்போம். வெயில் ஏறியதும் ஈரக் கல்லைப் புரட்டிப் போடுவது பிள்ளைகள் வேலை. பிள்ளைகளுக்கு எடை குறைவு, கல்லின் மேல் நடந்தாலும் கல் நசுங்காது என்று முதலாளி கண்டுபிடித்திருந்தார். அந்த எடை கூடிவிடக் கூடாதே என்றுதான் எங்கள் கூலியையும் அளவாக வைத்திருந்தார்.

ஒரு நாள் வெளியூர்க்காரர்கள் சிலர் காரில் வந்து, பிள்ளைகளை ஏன் வேலை வாங்குகிறீர்கள் என்று அவரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். கார்த் தூசி அடங்குவதற்குள் எங்களுக்கு அழைப்பு.

“உங்க பிள்ளைங்கள்ல ஒண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப்போறேன். செலவு என்னுது.”

“ஒண்ணையா?” என்றாள் என் மனைவி.

“ஒண்ணுதான். இந்த மாசம் எந்தக் குடும்பம் அதிகமாக் கல்லு அறுக்குதோ, அந்த வீட்டுப் பிள்ளை.”

எனக்குப் பக்கத்து வரிசை நெட்டையன். ஒரே சுருட்டை மாற்றி மாற்றிக் குடித்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து அவன் தும்மினால்கூட, அதற்குள் இரண்டு கல் முந்திவிடலாமா என்று பார்த்தேன். அவன் சோறு தின்னாமல் அறுத்தான். நான் மூச்சு விடாமல் அறுத்தேன். ஒரு வாரம் முழுக்க மூச்சே விடவில்லை. மற்றவர்களும் சும்மா இல்லை. களத்தில் கல் குவிந்து குவிந்து, நிலா அந்தப் பக்கம் வர வழியில்லாமல் சுற்றிக்கொண்டு போனது.

மாதக் கடைசியில் முதலாளி அந்தக் குவியலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். “கல்லு மலிஞ்சுபோச்சுப்பா. பழைய கூலி கட்டுப்படியாகாது. பள்ளிக்கூடச் செலவு வேற இருக்கு.”

பொறாமையை நாங்களே அறுத்து, நாங்களே அடுக்கி, எங்கள் கூலியையும் நாங்களே இறக்கிக் கொடுத்திருந்தோம்.

ஜெயித்தவன் நெட்டையன். அவன் மகனை எல்லோரும் குருவி என்போம். குருவி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குழியோரமாக நடந்து போனான். எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, சூளை வாசலில் நான் நின்றேன், அந்த வாரம் விறகே செலவாகவில்லை. “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லு. கல்லு கருகுது” என்று மேஸ்திரியே சொன்னான்.

என் மகளை வாயாடி என்பார்கள்; அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். ஒரு நாள் குருவியின் அம்மா அவளைக் காதைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“கொடியில காஞ்ச சட்டையில சேத்தப் பூசிட்டா உன் மவ!”

“பூசல அத்தை. போட்டுப் பாத்தேன். கையில சேறு இருந்துச்சு.”

என் மனைவி சட்டையை வாங்கித் துவைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பள்ளி விடுமுறை நாளில் குருவியும் கல் புரட்ட வந்தான். நாங்கள் போட்டி போட்டுக் குவித்திருந்தோமே, அந்தக் குவியல் சரிந்து அவன் காலில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. “பிள்ளை போகலன்னா இடம் போச்சு” என்றார் முதலாளி, எட்டிக்கூடப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் நெட்டையன் சட்டையோடு எங்கள் வாசலில் நின்றான்.

“அண்ணே, இதை உன் பொண்ணு போட்டுக்கட்டும். குருவின்னு கூப்பிட்டா ‘உள்ளேன் ஐயா’ன்னு சொல்லட்டும். வந்து என் பையனுக்குச் சொல்லிக்குடுக்கட்டும்.”

“உனக்கு வயித்தெரிச்சலா இருக்காது?”

“இருக்கும். நீ எரிஞ்சு முடிச்சிட்டே இல்ல, இப்போ என் முறை.”

வாயாடி போனாள். உடனே மற்ற வீடுகளிலும் புகைய ஆரம்பித்தது. எல்லா வயிறும் அணைய ஒரே வழிதான் இருந்தது: சட்டை முறை போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சுற்றியது. நாளுக்கு ஒரு பிள்ளை குருவியானது. செம்மண் தூசியில் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே முகம். இருந்தாலும் வாத்தியார் கூர்மையானவர்.

“நேத்து இடது கையால எழுதினியே?”

“அது நேத்து சார்.”

“போன வாரம் முன்பல்லு இருந்துச்சே?”

“சூளைச் சூடு சார். விழும், முளைக்கும்.”

பரீட்சையில் கணக்குக்கு ஒருத்தி போனாள், பாட்டுக்கு ஒருத்தன் போனான், ஓட்டத்துக்கு மேஸ்திரி மகன். குருவி எல்லாவற்றிலும் முதல். பரிசு கொடுக்க முதலாளியையே மேடைக்கு அழைத்தார்கள். குருவி என்று கூப்பிட்டதும், இரட்டைப் பின்னலை ஆட்டிக்கொண்டு என் மகள் ஏறினாள்.

மறுநாள் விடியும்போது முதலாளி குழியோரம் நின்றார்.

“எவன்டா குருவி?”

கல் புரட்டிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் நிமிர்ந்தார்கள். “உள்ளேன் ஐயா!”

“கழட்டுங்கடா அந்தச் சட்டையை! இனிமே எவனும் போக வேணாம்!”

நெட்டையன் அச்சைக் கீழே வைத்தான். அதன் மேல் என் அச்சை வைத்தேன். அடுத்த வரிசைக்காரன் வைத்தான், அதற்கடுத்தவன் வைத்தான்.

“ஒரு சட்டைக்காகவா வேலைய நிறுத்தறீங்க?”

“அந்தச் சட்டை இருக்கட்டும் மொதலாளி,” என்றாள் என் மனைவி. “மீதிச் சட்டைங்க எங்கே?”

“கொறச்ச கூலியும் எங்கே?” என்றான் நெட்டையன்.

“மழை வருதுடா! மூடாம விட்டா பச்சைக்கல்லு பூரா கரைஞ்சிடும்!”

“கரையட்டும். எங்களுக்குத் திரும்ப அறுக்கத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?” என்றேன் நான்.

“பட்டினி கிடந்தா தானா வருவீங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பட்டினி எங்களுக்குப் பழைய உறவு. வந்தால் உட்காரச் சொல்வோம். குழியோரமாக வரிசையாக உட்கார்ந்தோம், ஆண்களும் பெண்களும் மேஸ்திரியும். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வாயாடி ஈரக் கல்லின் மேல் விரலால் எழுத்து எழுதினாள். கம்பை ஊன்றி வந்த குருவி, “என் எழுத்துதான் அழகு” என்று பக்கத்துக் கல்லில் எழுதினான். மற்ற பிள்ளைகளுக்குப் பொறுக்குமா? களம் முழுக்க எழுத்தானது. நெட்டையன் சுருட்டைப் பற்றவைத்துப் பாதி குடித்துவிட்டு என் பக்கம் நீட்டினான்.

சத்தியம் செய்த நாக்கு அழுகினாலும் சரி, இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சூளையிலிருந்து ஒரு பிள்ளை நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.