செபமாலையம்மாள் சொன்னதாக அச்சானது

1975-இல் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ராக்கப்பன் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தான். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் டில்லியிலிருந்து சுதேஷ்ணா என்ற ஆய்வாளர் வந்தபோது, கூடப் போய் மொழிபெயர்க்கும்படி தோட்ட மேனேஜரான துரை அவனை அனுப்பினார்.

"தோட்டத்துப் பேரு கெடாமப் பாத்துக்கோ" என்றார். ஊழியர் குவார்ட்டர்ஸில் வீடு கேட்டு ராக்கப்பன் கொடுத்த மனு அவர் மேஜையில் கிடந்தது.

உலகமெங்கும் ஆறுகள் சாகின்றன, ஐம்பது வருஷம் கழித்து மனிதர்கள் குடிக்க என்ன மிஞ்சும் என்று ஆராய்ந்த ஒரு குழுவில் சுதேஷ்ணாவும் இருந்தார். ஓடைக்கரையில், கொழுந்து பறிக்கும் செபமாலையம்மாளிடம் மீன்களைப் பற்றிக் கேட்டார்.

"மேல செடிக்கு மருந்தடிச்ச மறுநா மீனெல்லாம் செத்து மெதந்துச்சும்மா. தவளைச் சத்தமே இப்ப கெடையாது. இந்தத் தண்ணியத்தான் நாங்க குடிக்கோம். எம்மருமவளுக்கு ரெண்டு புள்ள வயித்துலயே போச்சு. எல்லாத்தையும் சொல்லு தம்பி."

துரையின் மேஜையில் கிடந்த மனுவை ராக்கப்பன் நினைத்தான். மழை குறைந்ததால் மீனும் குறைந்துவிட்டது என்கிறார் இந்த அம்மாள் என்று இங்கிலீஷில் சொன்னான். சுதேஷ்ணா எழுதிக்கொண்டார்.

செபமாலையம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம சங்கதிய டில்லி வரைக்கும் கொண்டு சேத்துட்டய்யா. நல்லா இருப்ப."

குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அங்கே குழாயில் மலையுச்சி ஊற்றுத் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு முறை அதைக் குடிக்கும்போதும் லயத்து ஓடைத் தண்ணீர் அவனுக்கு நினைவு வந்தது.

எட்டு மாதம் கழித்து அச்சடித்த அறிக்கை தபாலில் வந்தது. கடைசிப் பக்கத்தில் அவன் பெயருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதற்குமேல் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போய்ச் செபமாலையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அப்ப எம்பேரு அதுல இருக்கா?"

"இருக்கும்மா. மழை இல்லாமப் போச்சுன்னு நீங்க சொன்னதா இருக்கு."

அவள் திட்டவில்லை. "என்னப் பொய் சொன்னவளா ஆக்கிட்டியே தம்பி" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல சுதேஷ்ணாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். தான் செய்ததையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அறிக்கை பல நாடுகளுக்குப் போய்விட்டது, இனித் திரும்ப வாங்க முடியாது, அடுத்த ஆய்வில் திருத்திக்கொள்கிறோம் என்று சுதேஷ்ணா எழுதியிருந்தார். ராக்கப்பன் அதைத் தமிழில் படித்துக் காட்டினான்.

"அடுத்தாப்புல எப்ப வருவாக?" என்று கேட்டாள் செபமாலையம்மாள்.

கடிதத்தில் தேதி எதுவும் இல்லை. ராக்கப்பன் அதை மடித்து அவள் கையில் கொடுத்தான்.